புதுக் கணினியில் இயங்குதளம் நிறுவல்: தடங்கல்களின் வரலாறு

தனித்தனியாக வாங்கிய பாகங்களைக் கொண்டு கோத்த கணினியில் விசிறி சுழல்வதும், திரையில் தாய்ப்பலகை நிறுவனத்தின் பெயர் தோன்றுவதும் ஒன்றை மட்டுமே காட்டும்: பாகங்களுக்கு மின்சாரம் போய்ச் சேருகிறது. அந்தப் பாகங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றனவா என்பதை முதன்முதலில் சோதித்துப் பார்ப்பது இயங்குதளத்தை நிறுவும் நிரலே. வட்டிலிருந்து படிப்பது, நினைவகத்தில் விரிப்பது, வன்தட்டில் எழுதுவது, பிறகு அங்கிருந்தே மீண்டும் துவங்குவது என எல்லா உறுப்புகளையும் ஒரே மணி நேரத்தில் அது வேலை வாங்கிவிடுகிறது. பழுது எங்கிருந்தாலும் அது நிறுவலின்போது வெளிப்படுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் திரையில் தோன்றும் செய்தி பழுதின் உண்மையான இடத்தைச் சொல்வது அரிது. நாற்பது ஆண்டுகளாக இந்தச் செய்திகள் பெரும்பாலும் வேறொரு பாகத்தின் மீதே பழி போட்டு வந்திருக்கின்றன.

தருமபுரி மாவட்டம் போன்ற பகுதிகளில் இந்தத் தவறான பழிக்கு ஒரு விலை உண்டு. 1965இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை ஓசூர் எல்லை வரை நீண்டிருந்தது. கணினிப் பாகங்களுக்குப் பேர்பெற்ற சந்தைகள் பெங்களூரின் எஸ்.பி. ரோடும் சென்னையின் ரிச்சி தெருவும்தான். அடுத்து சேலத்துக் கடைகள். தருமபுரி நகரிலிருந்து பெங்களூருக்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பென்னாகரத்திலோ அரூரிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ ஒருவர் புதுக் கணினியைக் கோத்து, ‘வன்தட்டு இல்லை’ என்று திரை சொல்வதை நம்பி, நல்ல வன்தட்டைப் பெட்டியில் போட்டுக் கடைக்குத் திருப்பி எடுத்துச் சென்றால், ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போகும். மாற்றித் தந்த வன்தட்டும் அதே செய்தியைத்தான் காட்டும். பழுது பாகத்தில் இருக்கிறதா, அமைப்பில் இருக்கிறதா என்று பிரித்தறிவது இங்கே தொழில்நுட்ப ஆர்வம் மட்டுமன்று, காசுக் கணக்கும்கூட.

512 பைட்டு வாசல்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிக்கணினியிலிருந்து இந்த வரலாறு தொடங்குகிறது. தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் என்னும் சிறு நிரல் விழித்தெழுந்து, வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைத்துவிடும். அந்த 512 பைட்டுகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது பயாசுக்குத் தெரியாது. 1983இல் டாஸ் 2.0 வந்தபோது வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் அட்டவணையும் இதே 512 பைட்டுகளுக்குள் அடைக்கப்பட்டது. முதன்மைத் துவக்கப் பதிவு, அதாவது எம்பிஆர் என்பது இதுவே. நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இதில் இடமில்லை. முகவரிக்கு ஒதுக்கிய இடம் 32 பிட்டுகள் என்பதால் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ணவும் முடியாது. 10 மெகாபைட்டு வன்தட்டே பெரிதாக இருந்த காலத்தில் இந்த எல்லையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பின்னால் வந்த தடங்கல்களில் பெரும்பாலானவை இப்படி யாரோ ஒருவர் ‘இது போதும்’ என்று நினைத்த இடத்தில் பிறந்தவை.

முதல் முட்டுச்சுவர் 1990களின் நடுவில் வந்தது. வன்தட்டை உருளை, தலை, பிரிவு என்ற மூன்று எண்களால் பயாஸ் அடையாளம் கண்டது. பயாசின் வரம்பும் வன்தட்டு இணைப்பின் வரம்பும் ஒன்றாகச் சேரும்போது 1024 உருளைகள், 16 தலைகள், 63 பிரிவுகள் மட்டுமே மிஞ்சின. ஒரு பிரிவுக்கு 512 பைட்டு வீதம் பெருக்கினால் 528 மெகாபைட்டு. அதைவிடப் பெரிய வன்தட்டை வாங்கிப் பழைய தாய்ப்பலகையில் பொருத்தினால், மிச்ச இடம் இல்லாததுபோலவே கணினி நடந்துகொண்டது. இந்தச் சுவரைத் தாண்டியதும் 8.4 கிகாபைட்டில் இன்னொரு சுவர். அதையும் தாண்டினால் 137 கிகாபைட்டில் மூன்றாவது. விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் வெளியீடு இந்த மூன்றாவது சுவரில் முட்டிக்கொண்டது. 2002இல் வந்த முதல் சேவைத் தொகுப்புதான் வழி திறந்தது. பழைய எக்ஸ்பி வட்டால் 160 கிகாபைட்டு வன்தட்டில் நிறுவியவருக்கு 127 என்று திரை காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றுவது இயல்பே. (137 கிகாபைட்டை விண்டோஸ் தன் அளவையால் கணக்கிட்டால் வருவது 127ஏதான்.)

லினக்சை முயன்றவர்களுக்கு அக்காலத்தில் வேறொரு அனுபவம் காத்திருந்தது. லிலோ என்ற துவக்க நிரல், தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் பதித்துக்கொண்டே முன்னேறும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி முடிந்ததைக் குறிக்கும். முதல் இரண்டு எழுத்துகளோடு நின்றுவிட்டால், இரண்டாம் கட்ட நிரலை ஏற்ற முடிந்தது, ஆனால் இயக்க முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் வன்தட்டின் உருளைக் கணக்கில் பயாசும் லினக்சும் ஒத்துப்போகாததே காரணம். துவக்கக் கோப்புகளை 1024ஆம் உருளைக்கு முன்பாக, தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியில் வைப்பது பல ஆண்டுகள் கையாளப்பட்ட பரிகாரம். பார்ப்பவரை மிரளவைத்தாலும், பழுது எந்தப் படியில் நேர்ந்தது என்று உண்மையைச் சொன்ன அரிதான பிழைச்செய்திகளில் இது ஒன்று.

பொய் சொன்ன செய்திகளுக்கு விண்டோஸ் 98 நல்ல எடுத்துக்காட்டு. 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் பொருத்திய கணினியில் அதை நிறுவினால், விண்டோசைத் தொடங்கப் ‘போதிய நினைவகம் இல்லை’ என்று சொல்லி நின்றுவிடக்கூடும். உண்மையில் நினைவகம் கூடிப்போனதுதான் சிக்கல். வட்டுத் தற்காலிகச் சேமிப்பை நிர்வகிக்கும் உறுப்பு, அதிக நினைவகத்தைக் கண்டதும் முகவரி வெளி முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து அதற்கு வரம்பு கட்டினால் போதும். செய்தியை நம்பி மேலும் ஒரு நினைவகப் பலகை வாங்கிச் செருகியவருக்குச் சிக்கல் முற்றியிருக்கும்.

நெகிழ்வட்டுக் காலத்தின் மற்ற தொல்லைகள் எளியவை. குறுந்தட்டிலிருந்தே துவங்கும் எல் டொரிட்டோ முறை 1995இல் வரையறுக்கப்பட்டாலும், தாய்ப்பலகைகள் அதை ஒழுங்காகப் பின்பற்றச் சில ஆண்டுகள் ஆயின. அதுவரை குறுந்தட்டைப் படிக்கும் இயக்கியைத் தாங்கிய ஒரு துவக்க நெகிழ்வட்டு வேண்டும். ஒரே கம்பிப்பட்டையில் இணைத்த வன்தட்டும் குறுந்தட்டு இயக்ககமும் இரண்டுமே ‘மாஸ்டர்’ என்று அமைக்கப்பட்டிருந்தால் இரண்டும் தெரியாமல் போகலாம். பின்புறம் உள்ள நகக்கண் அளவுச் செருகியை இடம் மாற்றினால் வேலை முடிந்தது.

எஃப்6 விசையின் காலம்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் ‘அசெம்பிள்’ கணினி வீட்டுக்கும் டிடிபி கடைக்கும் உலாவி மையத்துக்கும் பரவலாக வந்து சேர்ந்தது 2000களில். அப்போது ஆட்சி செய்தது 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி. வட்டு வெளிவந்து பதினைந்து மாதங்களுக்குள் வன்தட்டு இணைப்பே மாறத் தொடங்கியது. அகலமான கம்பிப்பட்டையின் இடத்தைச் சாட்டா என்ற மெல்லிய கம்பி பிடித்தது. 2001இல் அச்சான வட்டுக்கு அந்த இணைப்பின் புதிய முறையான ஏஎச்சிஐ பற்றி எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எக்ஸ்பி மிக நீண்ட காலம் வாழ்ந்ததால், வட்டுக்கும் வன்பொருளுக்கும் இடையிலான வயது வேறுபாடு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனது.

விளைவு இரு வடிவங்களில் தெரிந்தது. ஒன்று, ‘கணினியில் வன்தட்டு எதுவும் காணப்படவில்லை’ என்ற செய்தி. மற்றொன்று நீலத்திரையும் அதில் ‘7பி’ என்று முடியும் எண்ணும். துவக்க வட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள். இரண்டிலும் வன்தட்டு நலமாகவே இருந்தது. அதனோடு பேசும் மொழிதான் எக்ஸ்பிக்குத் தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் இதற்கு வைத்திருந்த வழி, நிறுவல் தொடங்கும் முதல் சில நொடிகளில் எஃப்6 விசையை அழுத்தி, தாய்ப்பலகை நிறுவனம் தரும் இயக்கியை ஊட்டுவது. அந்த இயக்கி நெகிழ்வட்டில் இருந்தாக வேண்டும் என்பதுதான் வேடிக்கை. நெகிழ்வட்டு இயக்ககம் இல்லாமலே கணினிகள் விற்பனையான காலத்தில், வாழ்நாளில் ஒரே ஒரு முறை பயன்படப்போகும் அந்தப் பெட்டிக்காக அலைய வேண்டியிருந்தது. தாய்ப்பலகையோடு வந்த குறுந்தட்டில் இயக்கி இருக்கும். அதை நெகிழ்வட்டுக்கு மாற்ற, வேலை செய்யும் இன்னொரு கணினி தேவைப்படும்.

பயாஸ் அமைப்புக்குள் போய், ஏஎச்சிஐ என்றிருப்பதை ஐடிஇ என்று மாற்றிவிடுவது எளிய வழி. புதிய வன்தட்டு பழைய மொழியில் பேசத் தொடங்கும், எக்ஸ்பியும் அதை ஏற்றுக்கொள்ளும். சிறிது வேகம் குறையும், அவ்வளவுதான். ஆனால் நிறுவி முடித்த பிறகு யாராவது அதை மீண்டும் ஏஎச்சிஐ ஆக்கினால் அதே நீலத்திரை திரும்பி வரும். பயாசின் மின்கலம் தீர்ந்து அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பும்போதும் இது நடக்கலாம். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய கணினி, ஒரு நாணய மின்கலம் தீர்ந்ததால் வன்தட்டே போய்விட்டதைப் போல நடித்தது இப்படித்தான்.

கடைகளில் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு கணினியிலும் முதலிலிருந்து நிறுவாமல், ஒரு கணினியில் முடித்து வைத்ததைக் கோஸ்ட் என்ற நிரலால் படி எடுத்து அடுத்ததில் ஊற்றிவிடுவார்கள். ஒரு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடியும். தாய்ப்பலகை ஒரே வகையாக இருக்கும்வரை தொல்லை இல்லை. வேறு வகையானால், படியில் பதிந்துள்ள இயக்கிகள் புதிய பலகைக்குப் பொருந்தாமல் அதே ‘7பி’ திரை வரும். நேரத்தை மிச்சம்பிடிக்கும் தந்திரம் என்ற வகையில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதனால் நேர்ந்த பழுதுக்கும் ‘ஹார்ட் டிஸ்க் கம்ப்ளைண்ட்’ என்றே பெயர் சூட்டப்பட்டது.

மின்வெட்டும் ஒரு காரணம்

கையேடுகளில் காணப்படாத ஒரு காரணத்தையும் இந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் கடுமையான மின்பற்றாக்குறை நிலவியது. 2012இல், சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. எக்ஸ்பி நிறுவல் ஏறத்தாழ 40 நிமிடமும் அதன்பின் இயக்கிகளுக்கு அரை மணி நேரமும் கேட்கும். மின்வெட்டு நேரம் தெரிந்து அதற்குள் முடிக்க வேண்டும். பாதியில் நின்ற நிறுவல் சில சமயம் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில சமயம் கோப்பு கிடைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிற்கும். அத்தகைய வன்தட்டைப் பழுது என்று முடிவுகட்டாமல், பகுதியை அழித்து மீண்டும் தொடங்கினாலே போதும். பயாசைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மட்டும் கதை வேறு. தாய்ப்பலகையே செயலிழக்கும். யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது என்ற எச்சரிக்கை இப்பகுதிகளில் வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை.

ஒரு தட்டில் இரண்டு தளங்கள்

அரசுப் பக்கத்திலும் இதே காலத்தில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 2000களின் பிற்பகுதியில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் பணிகளை லினக்சுக்கு மாற்றியது. சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற இந்திய லினக்சை 2007இல் வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகள் விண்டோசும் பாஸ் லினக்சும் இணைந்தே வந்தன. தருமபுரி மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளில் பலருக்கு அதுவே வீட்டுக்குள் வந்த முதல் கணினி.

அந்த இணைப்பு புதிய வகைத் தடங்கலைக் கற்றுத்தந்தது. எந்தத் தளத்துக்குப் போவது என்று கேட்கும் கிரப் என்ற துவக்க நிரலின் பெரும்பகுதி லினக்ஸ் இருக்கும் பகுதியில்தான் இருக்கிறது. பயன்படுத்தாத பகுதி இடத்தை அடைக்கிறது என்று எண்ணி, விண்டோசுக்குள்ளிருந்து அதை அழித்துவிட்டால், அடுத்த முறை கணினி கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் காட்டி நிற்கும். விண்டோஸ் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கும், அதற்குப் போகும் வாசல்தான் போயிருக்கும். விண்டோசை மீண்டும் நிறுவினாலோ இதற்கு நேர்மாறு. அது கேட்காமலே அந்த 512 பைட்டுகளைத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளும், லினக்ஸ் இருந்த இடத்திலேயே மறைந்துபோகும். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற நிறுவல் வரிசை வழக்கமானதற்கு இதுவே காரணம்.

மொழி குறித்தும் ஒன்று சொல்லலாம். 2007இல் வந்த டெபியன் எட்ச் பதிப்பிலிருந்து, வரைகலை முறையில் நிறுவுவோர் தமிழிலேயே நிறுவலை நடத்த முடிந்தது. எழுத்துமுறைத் திரையால் தமிழைக் காட்ட இயலாது என்பதால் வரைகலை நிறுவி வரும்வரை அது காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பழுது நேரும்போது பேசுவது பெரும்பாலும் பயாசும் கருவும். அவை இன்றளவும் ஆங்கிலத்தில்தான் பேசுகின்றன.

நினைவகம் செய்யும் மாயம்

எல்லாக் காலத்துக்கும் பொதுவான, எல்லாரும் கடைசியாகச் சந்தேகிக்கும் குற்றவாளி நினைவகம். நிறுவல் கோப்புகள் சுருக்கப்பட்ட நிலையில் வருகின்றன. அவற்றை நினைவகத்தில் விரித்தே வன்தட்டில் எழுத வேண்டும். நினைவகத்தில் ஒரு பிட்டு புரண்டாலும் விரித்த கோப்பு சரிபார்ப்பில் தோற்கும். ‘கோப்பைப் படியெடுக்க முடியவில்லை’, ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று நிறுவி சொல்லும். கேட்பவர் குறுந்தட்டைத் துடைப்பார், பிறகு வேறு தட்டு வாங்குவார், பிறகு வன்தட்டை மாற்றுவார். இந்தப் பிழையில் ஓர் அடையாளம் உண்டு: ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் நின்றால் நினைவகத்தை ஐயுறலாம், ஒரே கோப்பில் நின்றால் வட்டை ஐயுறலாம். 1994இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86 என்ற நிரல் இயங்குதளமே இல்லாமல் தானே துவங்கி நினைவகத்தைச் சோதிக்கும். அதுவும் கைவசம் இல்லாதவர்கள் இரண்டு பலகைகளில் ஒன்றைக் கழற்றி வைத்து நிறுவிப் பார்ப்பார்கள். செலவில்லாத சோதனை இது. இன்றைய நினைவகப் பலகைகளில் எக்ஸ்எம்பி என்ற மிகைவேக அமைப்பை இயக்கியிருந்தால், நிறுவல் முடியும்வரை அதை அணைத்து வைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

யுஇஎஃப்ஐ வந்த பிறகு

பயாசின் 512 பைட்டு வாசலை மாற்றி அமைத்தது யுஇஎஃப்ஐ. இன்டெலின் முயற்சியாகத் தொடங்கி, 2005இல் பல நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் சென்ற தரவரையறை இது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபின் கடைக்கு வரும் தாய்ப்பலகைகளில் இதுவே வழக்கமாயிற்று. இதனுடன் வன்தட்டைப் பிரிக்கும் ஜிபிடி என்ற புதிய அட்டவணையும், கையொப்பமில்லாத துவக்க நிரலைத் தடுக்கும் பாதுகாப்புத் துவக்கமும் வந்தன. பழைய முறையும் உடன் இருந்ததால், ஒரே பலகைக்குள் இரண்டு சட்டங்கள் நடைமுறையில் இருந்தன.

இதில் மிகுதியாக இழப்பை உண்டாக்கிய செய்தி, ‘இந்த வட்டில் விண்டோசை நிறுவ இயலாது’ என்பது. துவக்கப் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தோன்றும். ஒன்றின் முன் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. யுஇஎஃப்ஐ வழியாகத் துவங்கினால் விண்டோஸ் ஜிபிடி அட்டவணையைக் கேட்கும், பழைய வழியாகத் துவங்கினால் எம்பிஆர் அட்டவணையைக் கேட்கும். பழைய கணினியிலிருந்து எடுத்து வந்த, படங்களும் கோப்புகளும் நிறைந்த வன்தட்டில் இச்செய்தியைக் கண்டவர்கள் எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு நிறுவுவதுண்டு. பல தாய்ப்பலகைகளில் மறுதொடக்கம் செய்து பட்டியலின் மற்றொரு வரியைத் தேர்ந்தாலே நிறுவல் நடந்திருக்கும், ஆண்டுக்கணக்கில் சேர்த்ததும் மிஞ்சியிருக்கும்.

2015இல் இன்டெலின் ஸ்கைலேக் பலகைகள் வந்தபோது எக்ஸ்பி கதை விண்டோஸ் 7இல் மறுபடி நடந்தது. 2009இன் வட்டுக்கு யூஎஸ்பி 3.0 தெரியாது, பழைய யூஎஸ்பி கட்டுப்படுத்தியோ புதிய பலகையில் இல்லை. முதல் திரை தோன்றும், ஆனால் விசைப்பலகையும் சுட்டியும் அசையா. பென் டிரைவிலிருந்து நிறுவினால், ‘சிடி, டிவிடி இயக்ககத்துக்கு வேண்டிய இயக்கி இல்லை’ என்ற செய்தி வருவதும் உண்டு. அந்தக் கணினியில் டிவிடி இயக்ககமே இருக்காது. பதினோராம் தலைமுறை இன்டெல் செயலிகளோடு பரவிய விஎம்டி என்ற வசதியும் இப்படியே. அது இயங்கும் நிலையில் இருந்தால் புத்தம்புது எஸ்எஸ்டி நிறுவியின் பட்டியலில் தெரியாது. அமைப்பில் அதை அணைக்க வேண்டும், அல்லது இன்டெலின் சேமிப்பக இயக்கியைப் பென் டிரைவில் வைத்து ஊட்ட வேண்டும். எஃப்6 விசை போய்விட்டது, ‘இயக்கியை ஏற்று’ என்ற பொத்தான் அதன் இடத்தில் இருக்கிறது. நெகிழ்வட்டு தேவைப்படவில்லை என்பது முன்னேற்றமே.

ஏஎம்டி பக்கம் சிக்கல் இன்னும் முன்னதாகவே தொடங்கும். ஒரே செருகுமிடம் கொண்ட ஏஎம்4 பலகைகள் பல தலைமுறைச் செயலிகளை ஏற்றாலும், கடையில் கிடந்த பழைய பலகையின் பயாசுக்குப் புதிய செயலியைத் தெரியாது. திரை கறுப்பாகவே இருக்கும். பயாஸ் புதுப்பித்தால் சரியாகும். செயலி இல்லாமலே பென் டிரைவிலிருந்து புதுப்பிக்கும் வசதி சில பலகைகளில் உண்டு. வாங்கும்போதே கடையில் கேட்டுச் செய்துகொள்வது மேல்.

2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். வன்பொருளைப் புரிந்துகொள்ள முடியாமல் நிற்பதற்குப் பதிலாக, புரிந்துகொண்டே மறுக்கும் நிறுவி இது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு உறுப்பு, பாதுகாப்புத் துவக்கத்துக்கான தகுதி, பட்டியலில் உள்ள செயலி ஆகியன வேண்டும். புதிதாகக் கோத்த கணினியில் ‘இந்தக் கணினியால் விண்டோஸ் 11ஐ இயக்க முடியாது’ என்று வந்தால் தனிச் சில்லு வாங்கத் தேவையில்லை. அந்த வசதி செயலிக்குள்ளேயே இருக்கும், இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் அமைப்பில் பெயரிடப்பட்டு, அணைந்த நிலையில் கிடக்கும். பழைய கணினிக்கு அந்த வழி இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோது, மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டு இன்னும் வீடுகளில் இயங்கும் கணினிகள் விண்டோஸ் 11இன் செயலிப் பட்டியலுக்கு வெளியே நின்றன. அவற்றோடு வந்து, இடத்தை அடைக்கிறது என்று பலர் அழித்த லினக்ஸ் அவற்றை இன்றும் ஏற்றுக்கொள்கிறது.